பெயர் கொடுத்து நாலு மாசம் ஆச்சு, கோவிலில் இருந்து கூப்பிடவே இல்லையே?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் என் சொந்த ஊர். இப்போது சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன், மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ஏ.எம்., பி.எம்., நைட் என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஊர்க் கோவிலில் பத்து வருஷம் திருப்பலியில் பைபிள் வாசகம் வாசித்திருக்கிறேன். இங்கே பங்கில், அதாவது எங்கள் வட்டாரக் கோவிலில், தொண்டூழியப் படிவம் நிரப்பிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. ஆங்கிலத்தில் வாசிக்கவும் கொஞ்சம் கூச்சம். பக்கத்துக் கோவிலிலேயே காத்திருப்பதா, தமிழ்த் திருப்பலிக்கு ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்வதா? எந்தப் பணி எனக்குச் சரிப்படும்?

பதில்: முதலில் அந்தப் படிவத்தை மறந்துவிடுங்கள். உங்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவம் பங்கு அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து அந்தந்தக் குழுவின் பொறுப்பாளருக்குப் போக வேண்டும். அவரும் உங்களைப் போலத் தொண்டூழியர்தான். பகலில் ஆபீஸ், இரவில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், நடுவில் கோவில் வேலை. நான் ஒரு பங்கில் சில வருஷம் வாசகர் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் என்ற அட்டவணை, போட்டவன். பொறுப்பை வாங்கிய அன்று எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கையில் கொடுத்தார். உள்ளே யாருமே கூப்பிடாத பதினொரு படிவங்கள். ஒரு பெண்மணிக்கு போன் போட்டேன். அவர் வீடு மாறி வேறு பங்குக்கே போய்விட்டிருந்தார். பிறகு ரொம்ப நாளைக்கு அந்த ஃபைலைப் பார்த்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அதனால் ஆளைப் பிடியுங்கள். இந்த வாரம் திருப்பலி முடிந்ததும், அன்று முதல் வாசகம் வாசித்தவரிடம் போய் "ரோஸ்டர் போடுவது யார்?" என்று கேளுங்கள். திருப்பலிக்கு முன்னால் கேட்காதீர்கள், குருவும் பணியாளர்களும் தயாராகும் சக்ரிஸ்தி அறையில் அப்போது யாருக்கும் காது கேட்காது. பல பங்குகளில் புது வாசகர்களை வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று தெரிந்தாலே உங்கள் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஊரில் பத்து வருஷம் வாசித்தவளைப் பயிற்சிக்கு உட்காரச் சொல்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். ரோஸ்டரில் பெயர் போட்டு வாசிக்கிற நாம் எல்லாரும் அந்தந்தப் பங்கின் ஏற்பாட்டில் வாசிக்கிறவர்கள்தான். ஆயர் (பிஷப்) ஒரு சடங்கில் நிரந்தரமாக நியமிக்கும் வாசகர் பணி வேறு. அதைத்தான் 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்துவிட்டார். எனவே ஊர் அனுபவம் குரலில் தெரியும், காகிதத்தில் செல்லாது.

சரி, ஷிஃப்ட்டுக்கு வருவோம். எந்தப் பணி பிடிக்கும் என்பதைவிட எந்தப் பணியை உங்கள் வாரம் தாங்கும் என்று பாருங்கள். பாடகர் குழு என்றால் வாராவாரம் ஒத்திகை இருக்கும், அதற்கு வராமல் ஞாயிறு மட்டும் நின்று பாடினால் பக்கத்தில் இருப்பவர் முகம் மாறிவிடும். செபமும் தொண்டும் செய்யும் மரியாயின் சேனைக் குழுவும் அப்படித்தான். 1921-இல் டப்ளினில் தொடங்கிய நாளிலிருந்து வாரக் கூட்டம்தான் அதன் முதுகெலும்பு, அதோடு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போலக் களப்பணியும் உண்டு. நைட் டூட்டி பார்க்கிறவருக்கு இரண்டும் கஷ்டம். வார்டன் வேலை, அதாவது வாசலில் வரவேற்று இடம் காட்டி உட்காரவைத்துக் காணிக்கை எடுப்பது, எளிது. ஆள் மாற்றிக்கொள்ளலாம். வாசகம் உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ முறைதான் வரும்.

சிக்கல் ஒன்றுதான். கோவில் ரோஸ்டர் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே வந்துவிடும், உங்கள் வார்டு ரோஸ்டர் அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. இதைச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை மாலை சன்செட் மாஸ், ஞாயிறு காலை, ஞாயிறு மாலை என்று எதில் போட்டாலும் சரி என்று சொன்னால் பொறுப்பாளர் உங்களைக் கும்பிடுவார். அப்புறம், மாற்றிக்கொள்ள ஒரே ஒரு ஆளை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "யாராவது வர முடியுமா?" என்று போட்டால் நாற்பது பேர் பார்ப்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். நானே ஒருமுறை காய்ச்சலோடு அப்படிப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். அன்று இரண்டாம் வாசகத்துக்கு ஆளே இல்லாமல், பாடகர் குழுவில் இருந்து ஒரு மாணவி ஓடிவந்து வாசித்திருக்கிறாள்.

நர்ஸ் என்று தெரிந்ததும் முதலுதவி மேசைக்கோ சுகாதாரக் குழுவுக்கோ உங்களைத் தள்ளப் பார்ப்பார்கள். பிடித்தால் செய்யுங்கள். வாரம் முழுக்க ரத்த அழுத்தம் பார்த்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையா என்று தோன்றினால், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பாவமில்லை.

ஆங்கிலக் கூச்சம் பற்றி. சிங்கப்பூர்க் கோவிலில் உட்கார்ந்திருப்பவர்கள் சீனர், பிலிப்பினோ, மலையாளி, யூரேசியர் என்று எல்லா வாய்மொழியையும் கேட்டுப் பழகியவர்கள். உங்கள் உச்சரிப்பு யாருக்கும் இடைஞ்சல் ஆகாது. நாம் சறுக்குவது வேகத்தில். தமிழில் பேசுகிற வேகத்திலேயே ஆங்கிலத்தை வாசித்து, வாக்கியத்தின் கடைசி இரண்டு சொல்லை விழுங்கிவிடுகிறோம். அந்தக் கடைசிச் சொல் பின்வரிசைத் தூண் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். வீட்டில் நின்றுகொண்டு மூன்று தடவை வாய்விட்டு வாசியுங்கள், ஊர்ப் பெயர்களுக்குத் தனியாக ஒரு தடவை. பெந்தக்கோஸ்து ஞாயிறு முதல் வாசகத்தைப் பாருங்கள்: பார்த்தியர், மேதியர், எலாமியர், மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா. அந்த வாரம் மட்டும் பழைய வாசகர்கள் பலருக்கு வெளியூர் வேலை வந்துவிடும்! நீங்கள் கையைத் தூக்கி அதை வாங்கிக்கொண்டால் ஒரே நாளில் பயம் விட்டுப்போகும். ஏதாவது ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் திரும்பிப் போகாதீர்கள், உறுதியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போங்கள். வாசக நூலில் சிவப்பில் இருப்பதை வாசிக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கால் மணி நேரம் முன்பே போய் வாசக நூலின் அடையாள நாடாவைச் சரியான பக்கத்தில் வைத்து, மைக்கை உங்கள் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

ஓஃபிர் ரோடா, பக்கத்துக் கோவிலா? 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் நம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தாய்வீடு, 2005-இல் தேசியச் சின்னமும் ஆகிவிட்டது. செங்காங்கில் இருந்து லிட்டில் இந்தியா, அங்கே ரயில் மாறி ரோச்சோர், பிறகு நடை. எப்படியும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நைட் டூட்டி முடித்த காலையில் அதைச் செய்வீர்களா? என் கணக்கு இதுதான்: நாலு ஞாயிறில் மூன்று எங்கே போகிறீர்களோ அங்கே பெயர் கொடுங்கள். மற்ற கோவிலுக்குத் திருப்பலி காண மட்டும் போங்கள். பிப்ரவரி 11 லூர்து அன்னை திருவிழா சமயத்தில் கூடுதல் கை வேண்டுமா என்று கேட்டுப்பாருங்கள். இரண்டு இடத்திலும் ரோஸ்டரில் இருந்தவர்கள் இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தமிழுக்கு ஆங்கிலம் பேசும் பங்கிலும் வேலை இருக்கிறது. நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகும் பணியாளரோடு ஒருமுறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில் பதினோராம் மாடிக்குப் போனேன். எண்பது தாண்டிய ஒரு பாட்டி. ஆங்கிலத்தில் செபம் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தேன், அதற்கும் அசைவில்லை. பிறகு அதே செபத்தின் பழைய வடிவம் நினைவு வந்து "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றேன். திரும்பிப் பார்த்து மீதியை அவரே சொல்லி முடித்தார். நம் ஊர் ஆத்தாக்களிடம் இந்தப் பழைய செபங்களை நீங்களும் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். நற்கருணை வழங்கும் பணி கேட்டதும் கிடைப்பதில்லை. 1973-இல் ரோம் பொதுநிலையினருக்கு, அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, பரவலாக அனுமதித்த பணி அது. பங்குத் தந்தை பரிந்துரைக்க வேண்டும், பேராயரின் அனுமதி வேண்டும். ஆனால் கூடப் போய்த் தமிழில் செபிக்க ஆள் தேவைப்படுகிறதா என்று இப்போதே கேட்கலாம். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வீடு சந்திக்க இருவர் இருவராகத்தான் போவார்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

காகிதங்களை இப்போதே தயார் செய்யுங்கள். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ் கையில் இல்லையென்றால் ஊர்ப் பங்கு அலுவலகத்தில் பதிவேடு இருக்கும். அப்பா அம்மா பெயரும் திருமுழுக்குத் தேதியும் சொன்னால் புதுப் பிரதி எழுதித் தருவார்கள். கல்யாணம் ஆனவராக இருந்து, வீட்டுக்கு விண்ணப்பிப்பதற்காகத் திருமணப் பதிவகத்தில் மட்டும் பதிந்துவிட்டுக் கோவில் திருமணம் பாக்கி இருந்தால், பெயர் கொடுக்கும் முன் பங்குத் தந்தையிடம் தனியாகப் பேசிவிடுங்கள். நடுவில் தெரியவந்தால்தான் மனக்கசப்பு. மறைக்கல்வி மாதிரிப் பிள்ளைகளோடு இருக்கும் பணி என்றால் சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்கச் சொல்வார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லாருக்கும் அதேதான்.

பொறுப்பாளரைப் பார்க்கப் போகும்போது அடுத்த மாத டூட்டி அட்டவணையைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "எந்த ஞாயிறு வருவீர்கள்?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.