சர்வீஸ் சார்ஜ் கட்டியாச்சு, டிப்ஸும் வைக்கணுங்களா?

கேள்வி: கோவையில் ஒரு ஏசி ஃபேமிலி ரெஸ்டாரன்ட். சாப்பிட்டது 840 ரூபாய்க்கு. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் வரியும் சேர்த்து 970 வாங்கிவிட்டார்கள். இதற்கு மேல் சப்ளையருக்குத் தனியாக டிப்ஸ் வைக்கணுங்களா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அந்த சர்வீஸ் சார்ஜையே நீங்கள் கட்டியிருக்க வேண்டியதில்லைங்க. அது வரி இல்லை. அரசுக்குப் போவது இரண்டரை, இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும்தான். சர்வீஸ் சார்ஜ் கல்லாவுக்குப் போகும். அதில் சப்ளையருக்கு எவ்வளவு என்பது முதலாளி மனசு. இதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் சங்கங்கள் வழக்குப் போட்டும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம்தான் நின்றது.

பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சப்ளையரிடம் சத்தம் போட்டுப் புண்ணியமில்லை, பில் போடுவது அவரில்லை. கவுண்டரில் சொல்லி வேறு பில் அடித்து வாங்குங்கள். வந்ததும் தொகையைப் பாருங்கள். 84 ரூபாயை மட்டும் கழித்து 886 என்று வந்தால் தப்பு. சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி போட்டிருப்பார்கள். 840-க்கு வரி 42, ஆக 882-தான் சரி. எடுக்க மாட்டோம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்.

டிப்ஸ் உங்கள் இஷ்டம். வரிக்கு முந்தைய தொகையில் 5 சதவீதம் வைத்தாலே மரியாதைதான்; இந்தப் பில்லுக்கு 50 ரூபாய் தாராளம். ரொக்கமாகக் கொடுங்கள். கடை கியூஆரில் சேர்த்துப் போட்டால் அதுவும் முதலாளி கணக்குக்குத்தான் போகும்.

கேள்வி: மெஸ்ஸில் பணத்தைக் கல்லாவில் கட்டிவிடுகிறோம். டிப்ஸை எங்கே வைப்பது?
– வாசகர், பெருந்துறை

பதில்: இலையோரம் மட்டும் வேண்டாம். இலை எடுக்க வருகிறவர் ஒரே வாரில் நோட்டையும் சேர்த்து வாளியில் தள்ளிவிடுவார். டம்ளருக்கு அடியில் வைத்தாலும் நனைந்துவிடும். கை கழுவிவிட்டு வந்து, ரசமும் மோரும் ஊற்றியவர் கையிலேயே கொடுங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் போதும். இலை எடுப்பவரும் டேபிள் துடைப்பவரும் பல இடங்களில் வேறு ஆள். அவர்களுக்குச் சப்ளையர் பங்கு கொடுப்பது கடைக்குக் கடை மாறும். முடிந்தால் அவர்களுக்கும் தனியாக ஒரு பத்து. பார்சலுக்கும் நின்றபடி குடிக்கும் டீக்கும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.