மாடுகளுக்குக் குட்டை வெட்டினால் ஆற்றின் அரிய பறவைகளுக்கு என்ன ஆகும்?

மேய்ச்சல் நிலத்தில் சிறு ஓடையை மறித்துக் குட்டை அமைப்பது, கிணற்று நீரைத் தொட்டிக்குக் கொண்டுவருவது போன்றவையே கால்நடைக் குடிநீர்த் திட்டங்கள். இவற்றால் ஆற்றுக்குப் போய்ச் சேராமல் போகும் நீரைத்தான் ‘நீர்க்குறைவு’ என்று கணக்கிடுகிறார்கள்.

ஒரு குட்டையால் என்ன வந்துவிடப் போகிறது? தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தெருக் குழாயில் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர்தான் வரும். ஆற்றுப் படுகையிலும் அதே கதைதான்.

அமெரிக்காவின் பிளாட் ஆற்றைப் பாருங்கள். மலைப்பனி உருகி வரும் வெள்ளம் மணல்திட்டுகளில் முளைத்த செடிகளை அரித்துக்கொண்டு போகும். வெள்ளம் குறைந்தால் அவை மரங்களாகி, அகன்ற ஆறு ஒடுங்கிவிடும். ஹூப்பிங் கிரேன் எனும் வெண்ணிறப் பெருங்கொக்குகள் வலசை வரும்போது, எதிரி நெருங்குவது தெரியும்படி திறந்த, ஆழமற்ற நீரில் நின்றுதான் இரவைக் கழிக்கும். அந்த இடமே இல்லாமல் போகிறது. 1940களின் தொடக்கத்தில் முப்பதுக்கும் குறைவாகிப் போன இனம் இது! இதை இன்னொரு முறை நாம் இழக்கும் நிலைக்குத் தள்ளக் கூடாது.

அதனால்தான் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நாட்டு நடுவண் அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டங்களில் இந்தப் பாதிப்பையும் ஆராய வேண்டும்.

மாடுகள் குடிப்பதால்தான் ஆறு வற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திறந்த குட்டைகளிலிருந்து நிறைய நீர் ஆவியாகிறது, பெரும்பங்கை எடுப்பவை அணைகளும் பாசனமும்.