புவி சூடாவதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா என்பதில் விஞ்ஞானிகளே பிரிந்து நிற்கும்போது யாரை நம்புவது?

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்து, எதிரே இருந்தவர் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோவொரு காணொளியைக் காட்டி உங்கள் வாயை அடைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். கேள்வியில் உள்ள "விஞ்ஞானிகளே பிரிந்து நிற்கும்போது" என்ற பகுதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் எது என்பதில் அவர்கள் பிரிந்து நிற்கவில்லை. பிரிந்து நிற்பதாக நமக்குத் தோன்றும்படி மேடைகள் போடப்படுகின்றன. அப்படிப்பட்ட மேடை ஒன்றில் நானும் ஏறியிருக்கிறேன்.

நான் சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பருவநிலை விஞ்ஞானி அல்லன். "அப்படியானால் இதைப் பேச உனக்கு என்ன தகுதி?" என்று கேட்கக்கூடியவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: கீழே நான் போடும் கணக்கு எதுவும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். புவி வெப்பமடையப் பெரிதும் காரணம் மனிதனே, இயற்கையே என்பது தலைப்பு. மனிதன் அணிக்கு உடனே மூவர் சேர்ந்துவிட்டோம். இயற்கை அணிக்கு ஆள் கிடைக்கவில்லை. பட்டிமன்றம் என்றால் இரண்டு அணி வேண்டுமே என்பதற்காக, நன்றாகப் பேசக்கூடிய ஒரு தமிழாசிரியரையும் ஒரு வங்கி அதிகாரியையும் இன்னொருவரையும் வற்புறுத்தி உட்கார வைத்தார்கள். மேடையேறும் முன் அந்தத் தமிழாசிரியர் என்னிடம், "சார், நானும் உங்க கட்சிதான், பேச்சுக்காகத்தான் அந்தப் பக்கம் உட்காருறேன்" என்றார். கீழே இருந்த கூட்டத்துக்கு அது தெரியாது. மூவருக்கு மூவர் என்று கண்ணால் பார்த்ததை, உலகமும் இப்படித்தான் சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் அணியில் ஒருவர், ஏற்காட்டில் ஒரு காலத்தில் மின்விசிறியே தேவைப்படவில்லை, இன்று கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள் என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. மரங்களை வெட்டி விடுதிகள் கட்டினாலும் ஒரு மலையூர் சூடாகும். சேர்வராயன் மலையை வைத்து உலகத்தை நிரூபிக்க முடியாது. எதிரணி மூன்று அம்புகளை எய்தது. மனிதன் தோன்றும் முன்பே பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன; காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான்; இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறையும் என்று சொன்னவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி, விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதில் போயிற்று. "இரண்டும் சேர்ந்தே காரணம்" என்று நடுவர் தீர்ப்பளிக்க, அரங்கம் மகிழ்ந்து கலைந்தது. அன்று சொல்லக் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

பனியுகங்களை நடத்தியவை பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சுச் சாய்விலும் நிகழும் மெதுவான மாற்றங்கள். செர்பிய அறிஞர் மிலங்கோவிச் கணக்கிட்ட அந்தச் சுழற்சிகள் பல்லாயிரம் ஆண்டுகள் எடுப்பவை; அவற்றின்படி பூமி இப்போது மிக மெதுவாகக் குளிர வேண்டும். சூரியன்தான் காரணம் என்றால், அதன் ஆற்றலை 1978 முதல் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்து வருகின்றன. வெப்பம் ஏறிய இந்த ஆண்டுகளில் சூரியன் வலுக்கவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. சூரியனால் வரும் சூடாக இருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். கரியமில வாயுவால் வரும் சூடாக இருந்தால் கீழே சூடேறி, மேலே அடுக்கு மண்டலம் குளிர வேண்டும். இதை 1967இலேயே மனாபே, வெதரால்டு என்ற இரு பருவநிலை விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னால் அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. மனாபேவுக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பத்தாயிரத்தில் நான்கு பங்கு என்பது உண்மைதான். ஆனால் காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை என்பதையும், கரியமில வாயுவும் நீராவியும் தடுக்கின்றன என்பதையும் ஜான் டின்டால் 1859இலேயே ஆய்வகத்தில் அளந்துவிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

அந்தக் கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கருப்பூர்ப் பக்கம் நாம் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டை வெட்டிச் சூளையில் சுடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது; மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே இருக்கிறது. தூய கல் நூறு கிலோவைச் சுட்டால் 52 கிலோ கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கும், 48 கிலோ மட்டும் மக்னீசியாவாக, அதாவது மக்னீசியம் ஆக்சைடாக, மிஞ்சும். என் மாணவர்களில் ஒருவர்கூட இந்தக் கணக்கைக் கருத்து வேறுபாடு என்று சொன்னதில்லை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியில் உள்ள ஒவ்வொரு கிலோ கார்பனும் 3.67 கிலோ வாயுவாகும் என்பதும் அதே கணக்கு. உலகம் முழுவதும் எரிக்கப்படும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இதையே போட்டால் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல் வருகிறது. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். நாம் விடுவதில் ஏறத்தாழப் பாதி மட்டுமே காற்றில் தங்குகிறது, மீதியைக் கடலும் செடிகொடிகளும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே அந்தக் கூடுதல் வாயுவைக் கடல்தான் கக்குகிறது என்று சிலர் சொல்லும் வாதமும் நிற்காது. இதற்கு மேலும் சந்தேகப்படுபவர்களுக்கு ஆக்சிஜன் அளவு இருக்கிறது. எரிதல் ஆக்சிஜனைத் தின்னும். எரிமலை வாயு தின்னாது. காற்றில் ஆக்சிஜன், எரிபொருள் கணக்குக்கு ஒத்த அளவில் குறைந்து வருகிறது.

இமயமலை விவகாரத்தை உங்கள் எதிராளி எடுத்தால் மறுக்காதீர்கள். பருவநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் 2035 என்ற ஆண்டு தவறாக இடம்பெற்றது. 2010 ஜனவரியில் அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு நம் நாட்டின் நிலவியல் அறிஞர் வி.கே.ரைனா, பனியாறுகளின் பின்வாங்கல் வழக்கத்துக்கு மாறானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதியதும் நடந்தது. அது நேர்மையான கருத்து வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாடு, பனி எவ்வளவு வேகமாக உருகுகிறது என்பதைப் பற்றியது. அந்த வேகத்தையும் பின்னர் அளந்துவிட்டார்கள்: காத்மாண்டுவில் இயங்கும் மலைப்பகுதி ஆய்வு நிறுவனமான இசிமோட்டின் 2023 அறிக்கைப்படி, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. கிரீன்லாந்தின் இழப்பை 2002 முதல் செயற்கைக்கோள்கள் எடைபோட்டு வருகின்றன. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன். மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. நிரம்பினால் அதில் இருப்பது சுமார் 265 கோடி டன் தண்ணீர். நூறு மேட்டூர் அணைகளின் நீர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தீவிலிருந்து கடலுக்குப் போகிறது.

பிறகு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? பட்டிமன்றம் முடிந்து காபி குடிக்கும்போது அந்த வங்கி அதிகாரி சொன்னதில் விடை இருந்தது: "மனுஷன்தான் காரணம்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு என் வண்டியையும் கிராமத்து விறகடுப்பையும்தான் சார் முதல்ல நிறுத்தச் சொல்லுவாங்க." அவருடைய அச்சம் நியாயமானது. இதுவரை எரிபொருள் எரித்துக் காற்றில் சேர்ந்த வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது; உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொண்ட இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. 1992 ரியோ மாநாடு முதல் நம் நாடு வாதாடி வருவதும் இதைத்தான். அந்த வாதத்தில் நான் முழுமையாக அவர் பக்கம். ஆனால் காரணம் இயற்கை என்று சொல்லிவிட்டால், யார் எவ்வளவு எரித்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும். பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு நிதியுதவி செய்ய ஒரு நிதியம் அமைக்க 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டார்களே, அதில் பணம் போடும்படி எந்தப் பணக்கார நாட்டிடமும் நாம் கேட்க முடியாது.