காலையில் குளித்து வந்ததும் தலைவலி, குமட்டல். நகரத்துக் காற்று மாசுதான் காரணமா? ஏர் பியூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா?

பியூரிஃபையரை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் பாத்ரூமைப் பாருங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது. அதுவும் பாத்ரூமுக்குள்ளேயே. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். குளித்து வந்ததும் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வயிற்றைப் புரட்டும், ஆபீஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை லேட்டாகக் குளித்தால் தலைவலியும் லேட்டாக வரும். இல்லை, எங்கள் வீட்டில் கரண்ட் கீசர்தான் என்றால் இந்தப் பதில் உங்களுக்கானது இல்லை, நல்ல டாக்டராகப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் என் மனைவிக்கு இப்படியேதான் வந்தது.

அப்போது பெங்களூரில் வாடகைக்கு இருந்தோம். மார்கழி மாதம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருத்தர் விடிந்ததும் ஏக்யூஐ, அதாவது காற்று எவ்வளவு மாசு என்று காட்டும் எண்ணைப் போட்டு எல்லோரையும் பயமுறுத்துவார். ஒரு டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து எழுதினார். தலைவலி எத்தனை மணிக்கு வருகிறது, எங்கே இருக்கும்போது வருகிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. (டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடைசியில் கண்டுபிடித்ததும் ஒரு டாக்டர்தான்.)

மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் காலையில் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, "தண்ணி சத்தம் மட்டும்தான் கேக்குது மாப்பிள்ளை, அவ சத்தமே இல்ல" என்றார். கதவை உதைத்துத் திறந்தோம். சுவரோடு சாய்ந்து கிடந்தாள். ஷவரில் வெந்நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கீசரின் சின்னக் கண்ணாடி வழியே தெரியும் தீ, நீலமாக எரிய வேண்டியது, மஞ்சளாக நெட்டுக்கு எழும்பி எரிந்தது. அதற்கு மேலே டைல்ஸில் கரி படிந்திருந்தது. கேஸ் நாற்றம் துளியும் இல்லை.

அந்த நாற்றம் இல்லாததுதான் ஏமாற்றும். சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்காக நாற்ற மருந்து கலக்கிறார்கள், எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். மூடிய சின்ன அறையில் கீசர் ஓட ஓட ஆக்சிஜன் குறையும், கேஸ் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரலில் கிளிப் மாட்டினார். 98 காட்டியது. "ஆக்சிஜன் நல்லா இருக்கு சார், வெறும் வயித்துல குளிச்சாங்களா?" என்று கேட்டார். அந்த 98-ஐ நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரத்தம் எடுத்து, இரண்டையும் பிரித்துக் காட்டும் கோ-ஆக்சிமீட்டர் என்ற கருவியில் பார்த்தால்தான் தெரியும். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், வந்ததும் கேட்ட முதல் கேள்வியே "வீட்ல என்ன கீசர் சார், கேஸா, கரண்டா?" ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுவிட்டார். சும்மா காற்றைச் சுவாசித்தால் இந்த விஷம் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகுமாம். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது, சில வாரம் கழித்துக்கூட மறதியோ தடுமாற்றமோ வரலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்லவேளை, வரவில்லை.

இதைச் சொன்னால் "அப்போ காற்று மாசு பொய்யா?" என்று ஒருவர் வருவார். பொய் இல்லை. பிஎம் 2.5 என்கிற காற்றில் மிதக்கும் நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. அந்தத் தூசி வருஷக்கணக்கில் இதயத்தையும் நுரையீரலையும் அரிக்கும். ஆனால் தினம் குளித்து வந்ததும் தலைவலியைக் கொடுத்து, ஆபீஸில் விட்டுவிடாது. வெளிக்காற்றில் மோனாக்சைடுக்கு நம் 8 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2 பிபிஎம்கூட (பத்து லட்சம் பங்கு காற்றில் 2 பங்குகூட) இல்லை. அடைத்த பாத்ரூமில் அது நூற்றுக்கணக்கான பிபிஎம்முக்கு ஏறும். 800 பிபிஎம்மில் முக்கால் மணி நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வரும், 1,600-ல் 20 நிமிஷமே போதும். பியூரிஃபையரின் ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. அந்தக் காசில் கீசரை யூட்டிலிட்டி பக்கம் வெளியே மாற்றி, பைப் மட்டும் உள்ளே இழுங்கள். மாற்றும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், உள்ளே காற்று வர வழியில்லாமல் அது மட்டும் சுற்றி என்ன பிரயோஜனம்? வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், வயிற்றுப் பிள்ளையை இது இன்னும் அதிகமாகத் தாக்கும். யாராவது மயங்கினால் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, சிலிண்டரை மூடி, ஆஸ்பத்திரியில் நீங்களே "கேஸ் கீசர்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

"எங்க வீட்ல பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல" என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கு: சந்தோஷம், அந்த ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கீசரை மாட்டியது ஹவுஸ் ஓனர். வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்ததும் நாங்கள் குடிபோவதற்கு முன்பே. வெளியே மாற்றித் தாருங்கள் என்றதற்கு, "இத்தனை பேர் இருந்தாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி சார்?" என்றார். காலி செய்யும்போது பத்து மாத அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை பெயின்டிங்குக்குப் பிடித்தார். போகட்டும், அந்த ஊர் வழக்கம். நாங்கள் உதைத்த பாத்ரூம் கதவுக்கும் தனியாகப் பிடித்தார், அதுதான் வயிற்றெரிச்சல். அடுத்துக் குடிவந்தவர்களை நேரிலேயே போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். கீசர் அதே சுவரில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் ஓனர் போன் செய்து, என் வீட்டைப் பற்றி நீ யார் பேச என்று கத்தினார். குடிவந்தவர்கள் அந்த வாரமே அதைக் கழற்றிவிட்டார்கள்.