மாட்டு உப்புசமும் நாய் உப்புசமும் ஒன்றல்ல

கேள்வி: தோட்டக் காவலுக்கு வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்டு நாய், இரவுத் தீனி தின்ற சிறிது நேரத்தில் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தது. மாட்டுக்குக் கொடுப்பதுபோல் எண்ணெய் புகட்டினோம். விடிவதற்குள் இறந்துவிட்டது. அதன் குட்டி இப்போது வளர்கிறது. அதற்கும் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: மாட்டு உப்புசத்தைப் பார்த்துப் பழகியவர்கள் எண்ணெயைத்தான் தேடுவார்கள். மாட்டின் வயிற்றில் நுரைத்து நிற்கும் வாயுவை எண்ணெய் உடைக்கும். நாயின் கதை வேறு. வாயுவால் புடைத்த இரைப்பை அப்படியே சுழன்று முறுக்கிக்கொள்கிறது. உள்ளே வரும் வழி, வெளியேறும் வழி இரண்டும் அடைபடுகின்றன. பெரிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் இதையே காட்டுகின்றன. இந்த நிலையில் புகட்டும் எண்ணெயால் பயனில்லை. மூச்சுக்குழாயில் இறங்கினால் கூடுதல் கேடு.

இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. மார்புக்கூடு ஆழமாக உள்ள பெரிய இனங்களுக்கு ஆபத்து அதிகம்: கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், செயின்ட் பெர்னார்டு. வயது ஏறினால் இன்னும் கூடும். தாய் தந்தைக்கோ உடன்பிறந்த குட்டிக்கோ வந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் குட்டி அந்தக் கணக்கில்தான் வருகிறது.

காவல் நாய்க்கு இரவில் ஒரே வேளை வயிறு முட்டப் போடும் வழக்கத்தை முதலில் விடுங்கள். அதே அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரமாக விழுங்கும் நாய் தீனியோடு காற்றையும் விழுங்குகிறது. அகலத் தட்டில் பரப்பி வைத்தால் நிதானமாகத் தின்னும். வேறு நாய் பக்கத்தில் இருந்தால் போட்டியில் விழுங்கும், தனியே வையுங்கள். தட்டை உயரத்தில் வைப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது ஆபத்தைக் கூட்டுவதாகவே ஓர் ஆய்வு காட்டியது, தரையிலேயே இருக்கட்டும். தின்றபின் ஓரிரு மணி நேரம் ஓடவிடாமல் கட்டிவைப்பதால் நட்டமில்லை.

இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். முறுக்கத்தைத் தடுப்பதில் நான் நம்புவது, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் அறுவை சிகிச்சையை. அதன்பிறகும் வயிறு உப்பலாம். சுழல்வது மிக அரிது. கருத்தடை அறுவையின்போதே சேர்த்துச் செய்துவிடலாம். உங்கள் குட்டிக்கு இதைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள்.

வயிறு பெரிதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆழமான மார்புள்ள நாயில் புடைத்த இரைப்பை விலா எலும்புக்குள் மறைந்திருக்கும். எதுவும் வராத ஓங்கரிப்பு, வடியும் எச்சில், படுக்கவும் நிற்கவும் முடியாத தவிப்பு ஆகியவையே போதுமான எச்சரிக்கை. ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பாமல் வெளுத்தே இருந்தால் நிலைமை முற்றிவிட்டது. மாட்டுக்குக் குத்துவதுபோல் விலாவில் ஊசி குத்தாதீர்கள், இடம் மாறிய மண்ணீரலில் பட்டுவிடும். இரவில் அறுவை செய்யும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று முன்கூட்டியே விசாரித்து அவரது தொலைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள். புறப்படும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.