கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டு மேசைக்குக் கலர் கலராகப் பூ அலங்காரம் வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். எட்டு வருடமாகச் செய்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கடையில் விலை விசாரித்துவிட்டு மலைத்துப்போய் வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு நானும் ஒரு கடையில் 2,200 ரூபாய் கொடுத்து ஜெர்பெரா அலங்காரம் வாங்கினேன். அது நின்ற உயரத்துக்கு எதிரே இருந்த மாமா முகமே தெரியவில்லை. குழம்பு கேட்கக்கூட அவர் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் பூவெல்லாம் தலை தொங்கிவிட்டது. அடியில் இருந்த பச்சை ஸ்பாஞ்சு மக்காது, பொடிப்பொடியாக மண்ணிலேயே கிடக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் 24-ஆம் தேதி விடியுமுன்னே பக்கத்துத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்விட்டேன். மார்கழிப் பனியில் பிச்சியும் மல்லியும் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். அவை இல்லாமலே மேசை நிறையும். கேந்தி (செண்டுமல்லி), வெள்ளைச் செவ்வந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஒரு கட்டு மரிக்கொழுந்து, இவ்வளவுதான் வாங்கினேன். ஒன்றைக் கவனியுங்கள்: மாலை கட்டுவதற்கான பூ என்பதால் பெரும்பாலும் காம்பில்லாமல்தான் வரும், ஜாடியில் நிற்காது. வீட்டில் இருந்த வாயகன்ற வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்க விட்டேன். உயரப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

நிறத்தை அளந்து கலக்க வேண்டாம். ஒரு பக்கம் கேந்தியை நெருக்கமாக விடுங்கள், அதை ஒட்டி வாடாமல்லி. மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்த ஊதா வரும்போது இரண்டுமே எடுப்பாகத் தெரியும். நடுவே கொஞ்சம் வெள்ளை. உருளியில் மூன்றில் ஒரு பங்காவது வெறும் தண்ணீராகத் தெரியட்டும். மேசை ஓரத்துக்கு, வீட்டுத் தெச்சிப்பூவை (இட்லிப்பூ) காம்போடு வெட்டிச் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் வைத்தால் போதும். தண்ணீருக்குள் போகிற இலைகளை மட்டும் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அழுகி நாறும். பழுத்த மட்டி வாழைப்பழக் குலையைப் பூவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

அரளி வேண்டவே வேண்டாம். "எங்கள் வீட்டில் வைக்கிறோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொல்லலாம். சாமி படத்துக்கு வைப்பது வேறு. அரளியில் இலை, பூ, பால் எல்லாமே விஷம், பிள்ளைகள் கை வைக்கிற சாப்பாட்டு மேசையில் அதற்கு இடமில்லை. சம்பங்கியும் வேண்டாம் என்பேன், அந்த வாசனை கறிக்குழம்பு மணத்தை அமுக்கிவிடும். இது என் மூக்கின் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

முதன்முதலாக உருளி வைத்த அந்த வருடம் மைனி (மதினி) உள்ளே வந்ததும் வராததுமாக, "எழவு வீட்டுப் பூவையா பிள்ளே மேசையில வச்சிருக்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அடுக்களையில் போய் நின்று அழுதேன். என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. உருளியிலிருந்து ஒரு கேந்தியை எடுத்து மைனியின் தட்டோரம் வைத்துவிட்டு, எல்லார் தட்டுக்கும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார்கள். இன்றுவரை எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணிக்கமாலை என்ற பூமாலைக்காக 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய தோவாளை இவ்வளவு பக்கத்தில் இருக்க, நாங்கள் போகிற சர்ச்சில் மூன்று வருடமாகப் பீடத்துக்குப் பிளாஸ்டிக் பூ. கழுவி வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகுமாம். விடிய விடியப் பூப்பறிக்கிற பெண்களை யாரும் நினைக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு உருளி நிறையக் கேந்தி கொண்டுபோனேன். உள்ளே இடமில்லை, வாசல் படியில் வையுங்கள் என்றார்கள்.