பாப் யூக்கர்: பெஞ்சிலிருந்து ஒரு குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பால் வர்ணனையாளர் பாப் யூக்கர் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். ஆறு சீசன், மூன்று அணி, பேட்டிங் சராசரி .200. பத்துக்கு இரண்டு அடித்தவர் ஆயுள் முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்ததைக் கொண்டாடுகிறீர்கள். ஆட்டத்தைப் பற்றி ஜெயித்தவர்கள் அல்லவா பேச வேண்டும்? அதிர்ஷ்டத்தாலும் ஜோக்காலும் பிழைத்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் அவர் பிறந்த ஊர். 1970-ல் அங்கே ப்ரூவர்ஸ் அணி வந்தது. உரிமையாளர் பட் சீலிக் அவரை முதலில் இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட் வேலைக்கு அனுப்பினார். வந்து சேர்ந்த அறிக்கையில் கிரேவிக் கறை இருந்ததாக சீலிக் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். 1971-ல் வானொலிக்கு மாற்றினார்கள். 2024 சீசன் வரை அங்கேதான் இருந்தார்; 2025 ஜனவரியில், 90 வயதில் காலமானார். 54 சீசனை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

யூக்கர் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர். களத்தில் மற்ற எட்டுப் பேரும் பேட்டரைப் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர்தான் மைதானம் முழுவதையும் எதிரே வைத்துக் குந்தியிருப்பவர். அடுத்து என்ன பந்து வீச வேண்டும் என்று அந்தக் காலத்தில் பந்துவீச்சாளருக்கு விரல் சைகை காட்டியவரும் அவரே. இவருக்கு இன்னொன்றும் வாய்த்தது. அணி சீசனுக்கு 162 ஆட்டம் ஆடும். இவர் ஆறு சீசனிலும் சேர்த்து ஆடியது 297. மிச்சத்தில் பெரும்பாலானவை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவை. வர்ணனைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

1967-ல் அட்லாண்டாவில் பந்துவீச்சாளர் ஃபில் நீக்ரோவுக்கு கேட்சராக நின்றார். நீக்ரோவின் ஆயுதம் நக்கிள்பால்: சுழற்சி அநேகமாக இல்லாமலே வரும், எந்தப் பக்கம் ஆடும் என்று வீசியவருக்கே தெரியாது. அந்த ஆண்டு லீக்கில் அதிகப் பந்துகளைத் தவறவிட்ட கேட்சர் யூக்கர்தான். அந்தப் பந்தைப் பிடிக்க என்ன வழி என்றால், உருண்டு நிற்கும்வரை காத்திருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பார். ஜோக்தான். ஆனால் அந்தப் பந்து எப்படி வரும் என்பது அதிலேயே வந்துவிடுகிறது பாருங்கள்.

அவருடைய ஜோக்கெல்லாம் அவர் தலையிலேயே விழும். ப்ரேவ்ஸ் அணி 3,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டதில் அப்பாவுக்குக் கவலை, அவரிடம் அவ்வளவு பணம் இல்லையே என்பார். ஜானி கார்சன் தன் டிவி நிகழ்ச்சிக்கு அவரைத் திரும்பத் திரும்ப அழைத்ததே இதற்காகத்தான். ஆனால் வானொலியில் ஆட்டம் இறுகினால் ஜோக்கைச் சுருட்டி வைத்துவிடுவார். பந்து உயரே போனால், ‘கெட் அப், கெட் அப், கெட் அவுட்டா ஹியர்... கான்!’ என்று பந்திடமே பேசுவார். காரில் கேட்பவருக்கு அது வேலியைத் தாண்டுமா தாண்டாதா என்பது அந்தக் குரல் ஏறும் விதத்திலேயே தெரிந்துவிடும். இத்தனைக்கும் அந்த 54 சீசனில் ப்ரூவர்ஸ் ஒரு தடவைகூட பேஸ்பாலின் உச்சப் பட்டமான உலகத் தொடரை வென்றதில்லை. அந்தப் பட்டத்தை ஜெயித்த கதையே இல்லாத அணியின் ஆட்டத்தை ராத்திரி தோறும் சொன்னவர்.

நட்சத்திரங்கள் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலர் நன்றாகவே பேசுகிறார்கள். 2003-ல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்டு ஃப்ரிக் விருது வாங்கும்போது, பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் யூக்கர் பேசிய பேச்சு இணையத்தில் கிடைக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த ஜெயித்தவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.